கண்ணாடித் தொட்டிக்கு மூன்று நாள் இருட்டு

மேடையில் வீற்றிருக்கும் கல்லூரித் தாளாளர் ஐயா கோதண்டபாணி அவர்களே, முதல்வர் அம்மா அவர்களே, எனக்கு முன்னால் உருக்கமாகப் பேசி அமர்ந்திருக்கும் விலங்கியல் துறைத்தலைவர் அரிபிரசாத் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, மாணவ மாணவியரே, விழுப்புரத்திலிருந்தும் வளவனூரிலிருந்தும் பஸ் ஏறித் திண்டிவனம் வந்திருக்கும் உறவினர்களே, முன்வரிசையில் மடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை அணைத்தபடி உட்கார்ந்திருக்கும், மறைந்த பேராசிரியரின் துணைவியார் செண்பகம் அக்கா அவர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் வேணி. விலங்கியல் துறையில் இணைப் பேராசிரியர். யாருக்காக இன்று கூடியிருக்கிறோமோ, அந்தப் பேராசிரியர் முனைவர் சித்தார்த்தனும் நானும் ஒரே நாளில் இந்தக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தோம். ஒரே அறையில் எதிரெதிர் மேசை. எனக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருப்பதாகச் சொன்னார்கள். ஐந்து நிமிடத்தில் முடியாது. மணி அடித்தால் அடித்துக்கொள்ளுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இரங்கல் கூட்டத்துக்கென்று ஒரு நாகரிகம் இருக்கிறது. இறந்தவர் நல்லவர், இருப்பவர்கள் எல்லோரும் அவருக்கு நெருங்கியவர்கள். எனக்கு முன்னால் பேசியவர்கள் அந்த நாகரிகத்தைக் கொஞ்சமும் குறையில்லாமல் காப்பாற்றினார்கள். ஒவ்வொருவரும் பேராசிரியர் சித்தார்த்தனின் உற்ற நண்பராம். இத்தனை நண்பர்கள் இருந்த மனிதர் மதியச் சாப்பாட்டை ஏன் வாசல் கூடத்தில், அந்தத் தொட்டிக்கு எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு தனியாகச் சாப்பிட்டார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

எனக்குப் பின்னால் கட்டியிருக்கும் பேனரைப் பாருங்கள். 'மேனாள் துறைத்தலைவர்' என்று போட்டிருக்கிறோம். எப்போது இருந்தார் துறைத்தலைவராக? அந்த நாற்காலி காலியான போதெல்லாம் பணிமூப்பில் முதலில் நின்றவர் அவர். அந்த நாற்காலி நிரம்பிய போதெல்லாம் அதில் உட்கார்ந்தவர் வேறொருவர். உயிரோடு இருந்தவருக்குக் கொடுக்க மனம் வராத பதவியை இன்று பிளக்ஸில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறோம். இனி அவர் வந்து நாற்காலியைக் கேட்கப் போவதில்லை, நமக்கும் சங்கடமில்லை. ஆகவே நான் அவரைப் பேராசிரியர் சித்தார்த்தன் என்றுதான் சொல்லப் போகிறேன். அது அவரே படித்து வாங்கியது.

வெளியூரிலிருந்து வந்தவர்கள் உள்ளே நுழையும்போது அந்தக் கண்ணாடித் தொட்டியைப் பார்த்திருப்பீர்கள். அதன் மேலே அவருடைய படம், மாலை, ஊதுபத்தி. உள்ளே பளீரென்று விளக்கு. சிலர் என்னிடம் வந்து கேட்டீர்கள். வளவனூர்ப் பெரியவர் ஒருவர், "இன்னாம்மா, அவரு உசுரா பாத்துகினு இருந்த தொட்டின்னு சொல்றீங்க, தண்ணி இப்படிப் பச்சப்பசேல்னு கெடக்குதே" என்றார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்த மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

அது கடல்நீர்த் தொட்டி. கடலுக்கு அடியில் ஒரு பாறைத்திட்டு எப்படி இருக்குமோ, அதில் ஒரு துண்டு. கல்லாக இறுகும் பவளத்தை வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. அதனால் தோல் போல மெத்தென்று இருக்கும் பவள இனங்கள், குடை போல விரிந்து சுருங்குபவை, விரல் போல அசைபவை. அவற்றுக்கு நடுவே கோமாளி மீன்கள், இறால்கள், நத்தைகள். கடற்கரையிலிருந்து இவ்வளவு தூரத்தில் இருக்கும் ஊரில் அது உயிரோடு இருந்ததே பெரிய விஷயம்.

அது எப்படி வந்தது? தர மதிப்பீட்டுக் குழு வருகிறது என்று வந்தது. கல்லூரியில் கண்ணைப் பறிக்கிற மாதிரி ஏதாவது வேண்டுமே என்று லாரியில் வந்து இறங்கியது. போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்று மேற்கு ஜன்னலுக்கு எதிரே வைத்தோம். குழு வந்தது, பார்த்தது, படம் எடுத்துக்கொண்டது, போய்விட்டது. மறுவாரம் மாலை வெயில் நேராக அடித்து அடித்து, பாறையெல்லாம் பச்சை மயிர் முளைத்தது போல் பாசி. முடிப்பாசி என்பார் அவர். பார்க்கப் பட்டு போல் இருக்கும். பவளத்தின் மேல் ஏறினால் அதை விரியவிடாது, மூச்சுவிடவிடாது. அரிசி மூட்டை இறக்கியதும் லாரி போய்விடுவது போல எல்லோரும் போய்விட்டோம். நின்றவர் அவர் ஒருவர்தான்.

முதல் நாள் அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு கல்லாக எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தப் பாசியைச் சபித்தேன். அவர் சிரித்தார். "பாசியத் திட்டாதீங்க மேடம். அது பாட்டுக்கு வளருது. யாரு சோறு போட்டாங்கன்னு பாருங்க" என்றார்.

யார் சோறு போட்டது? இந்தக் கேள்வியைத்தான் அவர் பணியில் இருந்த காலமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். பாசிக்கு வேண்டியது இரண்டு. வெளிச்சம், சாப்பாடு. வெளிச்சத்தை ஜன்னல் கொடுத்தது. சாப்பாட்டை நாம் கொடுத்தோம். போகிற வருகிறவர்கள் எல்லாம் ஒரு சிட்டிகை தீனியைப் போட்டு, மீன் வாயைத் திறக்கும்போது செல்போனில் படம் எடுத்தோம். மீன் தின்றது கொஞ்சம், மீதி அடியில் அழுகிப் பாசிக்கு உரமானது. தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் காவலாளி குழாயைப் பிடித்து போர்த் தண்ணீரை ஊற்றினார். இந்தப் பக்கத்துப் போர்த் தண்ணீரில் நிலத்துக்குப் போட்ட உரமெல்லாம் இறங்கியிருக்கிறது என்று பேராசிரியர் சித்தார்த்தன் சொன்னால், "தண்ணியில இன்னா சார் இருக்குது" என்றார்கள். அவர் வடிகட்டிய தண்ணீரைக் கேனில் பிடித்து வைத்துக்கொண்டார்.

நான் மரக்காணம் பக்கத்துக் குப்பத்தில் பிறந்தவள். எங்கள் வீரமுத்துச் சித்தப்பாவிடம் சொல்லி, மாற்றுவதற்குக் கடல்நீர் வரவழைத்தார். கழிமுகத்துக்குப் பக்கத்தில் மொண்ட தண்ணீர் கூடாது, இறால் பண்ணைக் கழிவு அங்கேதான் கலக்கிறது, படகில் உள்ளே போய் மொண்டு வரவேண்டும் என்பது அவர் நிபந்தனை. சித்தப்பாவுக்குச் சிரிப்பு. "இன்னா வேணி உங்க சாரு? கரையில இருக்குறது கடல் தண்ணி இல்லியா? கடல் தண்ணி மொள்ள கடலுக்குள்ள போவணுமா? பேஜாரு புடிச்ச மனுசனா இருக்குறாரே" என்றார். ஒருநாள் கேன்களோடு அவரே வந்தார். தொட்டிக்கு முன்னால் நின்றவர் நகரவில்லை. "இது வலையில வந்தா கூழு மாரி கெடக்கும், எட்டி ஒதச்சிட்டுப் போவோம். உசுரோட இருந்தா இப்படியா அசையுது" என்றார். அதன் பிறகு கேன் தூக்கிவர அவர் அலுத்துக்கொண்டதே இல்லை. அதோ, கடைசி வரிசையில் நிற்கிறார். நாற்காலி காலியாக இருக்கிறது சித்தப்பா, உட்காருங்கள்.

எனக்கும் அதே கதைதான். கடலில் பிறந்து, கடலில் வளர்ந்து, கடல் உயிரியலில் பட்டம் வாங்கியவள் நான். ஒரு பவளம் இரை தின்பதை முதன்முதலில் பார்த்தது அவருடைய தொட்டியில். நம் கல்லூரிக்கு வருகிற பிள்ளைகள் பாதிப் பேர் கூலி வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள், மீதிப் பேர் படகுக்காரர்களின் பிள்ளைகள். ராமேஸ்வரத்துக்கும் அந்தமானுக்கும் சுற்றுலா போய்ப் பார்க்க அவர்களுக்கு வசதி ஏது? திண்டிவனத்தில் நின்று பார்க்கட்டும் என்று நினைத்தார். அவ்வளவுதான் அவருடைய ஆசை. அதிகமா அது?

ஆயுத பூஜை வரும். நமக்கெல்லாம் கொண்டாட்டம், அவருக்கு மட்டும் காவல் வேலை. ஒரு வருஷம் தொட்டிக் கண்ணாடிக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தோம். அது பரவாயில்லை, துடைத்துவிடலாம். யாரோ பக்தியோடு மூடியைத் திறந்து ஒரு படி பொரியை உள்ளே கொட்டிவிட்டார்கள். "மீனுக்கும் பிரசாதம் குடுக்க வேணாமா சார்?" என்று கேள்வி வேறு. அவர் அந்தப் பொரியை வலை போட்டு அள்ளினார். ஊறிப்போனது பாறை இடுக்கெல்லாம் புகுந்துவிட்டது. அடுத்த பொங்கல் வரைக்கும் பாசி. அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் நாம் வீட்டுக்குப் போன பிறகும் அவர் தொட்டிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். வருகிறவர் கையிலிருக்கும் பொரியை வாங்கித் தன் வாயில் போட்டுக்கொள்வார். "மீனு சார்பா நான் சாப்டறேன், சாமி கோச்சுக்காது" என்பார். நாம் சிரித்தோம். 'பாசி வாத்தியார்' என்று பெயர் வைத்தோம். மாணவர்கள் வைத்த பெயர் அல்ல அது, ஆசிரியர் அறையில் வைத்த பெயர்.

சிரிக்க முடியாததையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அவருடைய அம்மா இறந்துபோன வாரம். அவர் வளவனூரில் இருக்கிறார். இங்கே ஆண்டு விழா. தொட்டியில் கொஞ்சம் பச்சை தட்டியிருந்தது. விருந்தினர் வருகிற நேரத்தில் இது என்ன அசிங்கம் என்று ஒரு குரல் எழுந்தது. முன்வாசல் நீரூற்றில் பாசி பிடிக்காமலிருக்க ஊற்றுகிற செப்பு மருந்து ஸ்டோர் ரூமில் இருந்தது. அதை ஊற்றினோம். நான் வேண்டாம் என்றேன். நத்தைக்கும் இறாலுக்கும் பவளத்துக்கும் செம்பு விஷம் என்று மேடைக்குப் பின்னால் நின்று கத்தினேன். "ரெண்டு நாளு மேடம், விழா முடியட்டும்" என்றார்கள்.

அம்மாவை அடக்கம் செய்துவிட்டு அவர் திரும்பி வந்தார். வாசலிலேயே ஒருவர் எதிர்கொண்டு, "பாருங்க சார், தண்ணி எப்படிக் கண்ணாடி மாரி இருக்குது. நீங்க எத்தன வருஷமா தேச்சிக்கினு இருந்தீங்க, ஒரே நாள்ல முடிஞ்சுது" என்று பெருமையாகச் சொன்னார். உண்மைதான். அடித்தளத்து மணலை எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. பாசி போய்விட்டது. பாசியோடு எல்லாமும் போய்விட்டது. இறால்கள் வெள்ளையாகக் கவிழ்ந்து கிடந்தன. பவளங்கள் கரைந்து தொங்கின. அவர் தொட்டிக் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். "யாரு ஊத்துனது" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். ஆளுக்கொரு வேலை இருப்பது போல் நகர்ந்துவிட்டோம். பிறகு அவர் கேட்கவும் இல்லை. அம்மா செத்ததற்கு இங்கே யாரும் துக்கம் விசாரித்ததாக எனக்கு நினைவில்லை.

செம்பு ஊறிய பாறையையும் மணலையும் தூக்கிப்போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். அந்த நாட்களில் ஒரு மதியம். ஆசிரியர் அறையில் ஒருவர் சொன்னார்: "சித்தார்த்தன் சாருக்குத் துறை எதுக்குங்க? அவங்களுக்குக் கழுவுற வேலதான் நல்லா வரும்." அந்த 'அவங்க' யாரென்று இந்த மாவட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வளவனூர் காலனியில் கரும்பு வெட்டியவரின் மகனாகப் பிறந்து, முனைவர் பட்டம் வரைக்கும் படித்து வந்தவரைத்தான் அப்படிச் சொன்னது. சொன்னவர் பார்க்கவில்லை, பேராசிரியர் சித்தார்த்தன் ஈரக் கையோடு கதவோரம் நின்றுகொண்டிருந்தார். அவர் கோபப்படவில்லை. "ஆமா சார், நல்லாத்தான் வரும். நீங்க போடறதை எல்லாம் நான்தானே கழுவணும்" என்றார். துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சொன்னவர் இன்று இந்த அரங்கில் இருக்கிறார். நெருங்கிய நண்பர் என்று சற்று முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெயர் சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரிந்தால் போதும்.

தொட்டி மறுபடி உயிர் பிடித்தது. இந்த முறை அவர் யாரையும் நம்பவில்லை. விளக்குக்கு ஒரு டைமர் பொருத்தினார். முற்பகலில் தானே எரியும், சாயங்காலம் தானே அணையும். "மீனுக்கு இமை கெடையாது மேடம், நாம அணைச்சாதான் அதுக்கு ராத்திரி" என்பார். மேற்கு ஜன்னலுக்குச் செண்பகம் அக்கா திரை தைத்துக் கொடுத்தார். கூடவே இன்னொன்றும் தைத்தார். தொட்டி முழுவதையும் மூடுகிற கறுப்பு உறை. பாசி கை மீறிப் போகிற சமயத்தில் விளக்கை அணைத்து, உறையைப் போர்த்தி, மூன்று நாள் இருட்டில் வைத்துவிடுவார். தீனியும் குறைவு. காற்று மோட்டார் மட்டும் ஓடும். வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள், கல்லூரி வாசலில் என்ன இது கறுப்புத் துணி என்று. பவளம் செத்துவிடாதா என்று நானும் கேட்டேன். "பவளம் தாங்கும். புயல்ல தண்ணி கலங்கி நாள்கணக்கா இருட்டா கெடந்த கடல்ல இருந்து வந்தது அது. பாசிதான் தாங்காது" என்றார். அப்படியேதான் நடக்கும். மூன்று நாள் கழித்துத் துணியை எடுத்தால் பாசி வெளுத்துத் தொங்கும். பிரஷ்ஷால் தொட்டால் கழன்று வரும். மிச்சத்தை நத்தைகள் பார்த்துக்கொள்ளும்.

அந்த நத்தைகளுக்காகத்தான் அவர் கடைசியாகப் புறப்பட்டார். சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தைக்குப் போய் நத்தை வாங்கி வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்லூரி இல்லாத நாளில், வளவனூரிலிருந்து கிளம்பினார். விழுப்புரம் புதிய பஸ் நிலையத்தில் திண்டிவனம் பஸ்ஸுக்காக நின்றவர் அப்படியே மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவருடைய பையை அக்காவிடம் கொடுத்தார்கள். உள்ளே ஒரு பிரஷ், ஒரு துண்டு, மூடியில் ஓட்டை போட்ட ஒரு டப்பா. டப்பாவுக்குள் நத்தைகள் ஊர்ந்துகொண்டிருந்தன. அன்று மாலை அக்கா எனக்குப் போன் செய்தார். நான் அழத் தயாராகிப் போனை எடுத்தேன். அவர் அழவில்லை. "வேணி, இதுங்க உசுரோட இருக்குதுங்க. இதுங்களுக்கு நான் இன்னா குடுக்கணும்?" என்று கேட்டார்.

சித்தப்பா அக்காவுக்குக் கடல்நீர் கொண்டுபோய்க் கொடுத்தார். பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் அவர்கள் வீட்டிலேயே இருந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் கூடத்தில் இருக்க, அக்கா அடுப்படியில் உட்கார்ந்து நத்தைகளுக்குத் தண்ணீர் மாற்றினார். அவர் மடியில் இருப்பது அந்த நத்தைகள்தான்.

இங்கே நாம் என்ன செய்தோம்?

சாவு வீட்டில் படத்துக்கு முன்னால் காரியம் முடிகிற வரைக்கும் விளக்கு அணையக் கூடாது. நம் எல்லோர் வீட்டிலும் உள்ள வழக்கம். தாளாளர் ஐயா மனம் நெகிழ்ந்து ஓர் ஆணை போட்டார். பேராசிரியர் சித்தார்த்தன் நேசித்த தொட்டியின் விளக்கே அவருக்கு அணையா விளக்கு. பதினாறாம் நாள் வரைக்கும் அது இரவும் பகலும் எரியவேண்டும். டைமரைப் பிடுங்கி மேசை டிராயரில் போட்டோம். படம் நன்றாகத் தெரியவேண்டும் என்று ஜன்னல் திரையை அவிழ்த்தோம். தொட்டியின் மேல் படத்தை வைத்து மாலை போட்டோம். மாலையிலிருந்து பூ உதிர்ந்து உள்ளே விழுகிறது, ஊதுபத்திச் சாம்பல் விழுகிறது. பிள்ளைகள் வரிசையில் வந்து ஆளுக்கொரு சிட்டிகை தீனி போடுகிறார்கள், சார் நினைவாக. அன்புதான். இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கு உயிரோடு இருந்தபோது கிடைக்காத அன்பு முழுவதும் இப்போது அந்தத் தொட்டிக்குள் கொட்டிக்கொண்டிருக்கிறது. பெரியவரே, தண்ணீர் ஏன் பச்சையாகக் கிடக்கிறது என்று கேட்டீர்களே. நாங்கள் சோறு போட்டோம். அதனால்தான்.

நான் சும்மா இருக்கவில்லை. விளக்கை அணையுங்கள் என்று அலுவலகத்தில் போய்க் கேட்டேன். "செண்டிமெண்ட் மேட்டர் மேடம். எரியற விளக்கப் போயி அணைக்கச் சொல்றீங்களே, ஜனங்க இன்னா நெனைப்பாங்க?" என்றார்கள். மறுநாளும் கேட்டேன். "அவரு மேல உங்களுக்கு அவ்ளோதான் மரியாதையா?" என்றார்கள். அந்த மீன்கள் அவர் போன நாளிலிருந்து தூங்கவில்லை. பவளங்களில் பாதி மூடிக்கொண்டுவிட்டன. மீதிப் பாதியின் மேல் முடிப்பாசி ஏறிக்கொண்டிருக்கிறது.

சற்று முன்னால் அரிபிரசாத் அவர்கள் இந்தக் கூட்டத்தின் தீர்மானத்தை வாசித்தார். நீங்களும் கைதட்டினீர்கள். பராமரிக்க ஆளில்லாத காரணத்தாலும், தண்ணீர் கெட்டுவிட்ட காரணத்தாலும், பதினாறாம் நாளுக்குப் பிறகு தொட்டியை அகற்றிவிட்டு, அதே இடத்தில் பேராசிரியருக்கு மார்பளவுச் சிலை. அவர் உயிரோடு காப்பாற்றியதைக் கொன்றுவிட்டு, அந்த இடத்தில் அவரையே உயிரில்லாமல் வைக்கப் போகிறோம். சிலை நமக்கு வசதிதான். அது எதையும் கழுவாது, யார் ஊற்றினது என்று கேட்காது, நாற்காலிக்கு ஆசைப்படாது. மாலை போட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாம்.

இந்தத் தீர்மானத்துக்கு நான் கை தூக்கவில்லை. தூக்கவும் மாட்டேன்.

பராமரிக்க ஆளில்லை என்று யார் சொன்னது? நான் இருக்கிறேன். நாளையிலிருந்து காலையில் முதல் வகுப்புக்கு முன்னால் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நிற்கப் போவது நான். எனக்கும் ஒரு பெயர் வைத்துக்கொள்ளுங்கள், ஆசிரியர் அறையில் நேரம் போகவேண்டுமே. கடல்நீர் கொண்டுவர வீரமுத்துச் சித்தப்பா இருக்கிறார். "நான் இருக்கற வரைக்கும் தண்ணி வரும், எனக்கப்புறம் என் படகு வரும்" என்று சொல்லிவிட்டார். இரண்டாம் ஆண்டு மாணவிகள் சிலர் நேற்றே வந்து பிரஷ் எது வாங்கவேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். போர்த் தண்ணீர் அதில் விழாது. பொரி விழாது. மருந்து விழாது. விழுந்தால் யார் போட்டது என்று நான் கேட்பேன். ஒரு தடவை கேட்டுவிட்டு விட்டுவிட மாட்டேன். அவருக்கு இருந்த பொறுமை எனக்குக் கிடையாது, நான் குப்பத்துக்காரி.

இது நான் எடுத்துக்கொள்ளும் உறுதிமொழி. நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது மிகச் சின்னது.

நிகழ்ச்சி நிரலில் அடுத்ததாக மௌன அஞ்சலி என்று போட்டிருக்கிறது. இங்கே எழுந்து நின்று கடிகாரத்தைப் பார்ப்பதற்குப் பதிலாக, எல்லோரும் வாசல் கூடத்துக்கு வாருங்கள். படத்தை இறக்கி இந்த மேடையில் வைப்போம், மாலையை இங்கே போடுவோம். தாளாளர் ஐயா, எத்தனையோ விழாக்களைக் குத்துவிளக்கு ஏற்றித் தொடங்கி வைத்திருக்கிறீர்கள். உங்கள் கையால் இன்று ஒரு விளக்கை அணைத்து வைக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பிறகு கறுப்பு உறையைப் போர்த்துவோம். துக்கத்துக்குக் கறுப்பு நமக்குப் புதிதில்லை, எல்லோர் சட்டையிலும் ஆளுக்கொரு துண்டு குத்திக்கொண்டு வந்திருக்கிறோம். இது கொஞ்சம் பெரிய துண்டு. மூன்று நாள் இருக்கட்டும். மூன்றாம் நாள் எடுத்துவிட்டு, அவர் பையில் கொண்டுவந்த நத்தைகளை உள்ளே விடுவோம். எரிகிற விளக்கை அணைத்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டீர்கள். ஜனங்கள் இதோ இருக்கிறார்கள். நானே கேட்டுவிடுகிறேன். அவருக்காக வந்தவர்களே, அணைக்கலாமா?

தாளாளர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். பரவாயில்லை.

நன்றி கூறி விடைபெறுவது மேடை மரபு. எனக்கு இங்கே யாருக்கும் நன்றி சொல்லத் தோன்றவில்லை, வெளியே சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொள்கிறேன். அக்கா எழுந்துவிட்டார். டப்பாவைச் சித்தப்பா வாங்கிக்கொள்ளுங்கள், அக்கா கையில் உறை இருக்கிறது. நடுவில் நாற்காலி போட்டிருப்பவர்கள் கொஞ்சம் வழிவிடுங்கள். தொட்டிக்கு இடது பக்கம், மேலே இருந்து இரண்டாவது சுவிட்ச், அக்கா. முதலாவது காற்று மோட்டார், அதைத் தொடவேண்டாம்.